தொண்ணூற்றாறு மணி நேரப் பிரெஞ்சு

தொண்ணூற்றாறு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குப் பிரெஞ்சு வந்துவிடும். தொண்ணூற்றைந்தில் வராது. தொண்ணூற்றேழில், வந்தது போய்விடும். முனைவர் கண்ணுச்சாமி இதை மதுரையில் உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்து, வழவழப்பான தாளில் அச்சடித்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் பள்ளி திறக்கிற சமயத்தில் அது சிவகாசிக்கு வந்து சேர்ந்தது.

அதை வரவேற்றவர் ஆண்டிச்சாமி. அவருக்கு டைரியும் காலண்டரும் அடிக்கிற அச்சகம் ஒன்று இருந்தது. நாரணாபுரம் சாலையில் வெண்தாமரை மெட்ரிக்குலேஷன் பள்ளி என்று ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. இரண்டையும் ஒரே முறையில்தான் நடத்தினார். வருடம் பிறப்பதற்குள் அட்டையை மாற்றிவிட வேண்டும். உள்ளே இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வருடம் சாலைக்கு எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடம் முந்திக்கொண்டு அபாகஸ் கொண்டுவந்துவிட்டது. மணிச்சட்டத்தைத் தட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போடுகின்றனவாம். ஆண்டிச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"இங்கிலீசு இப்ப எல்லாப் பயலும் வச்சிருக்கான்" என்றார் ஆசிரியர்கள் கூட்டத்தில். "பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கிறவன்கூட தேங்க்யூங்கிறான். நமக்கு வேற சரக்கு வேணும்."

முனைவரின் கையேட்டில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் என்று மூன்று மொழிகள் இருந்தன. விலை ஒன்றுதான். ஆண்டிச்சாமி பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தார். பாரிஸ் கோபுரத்தின் படம் அவருடைய அச்சகத்தில் ஏற்கெனவே பிளேட்டாக இருந்தது.

அடுத்தது, யார் கற்பிப்பது என்ற கேள்வி. ஆசிரியர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தஹ்மீனாவும் தரையைத்தான் பார்த்தாள். ஆனால் தலைமையாசிரியை பொன்னுத்தங்கம் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டிருந்தார். தஹ்மீனா மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். அங்கே மொழிப்பாடத்தில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கலாம். பிரெஞ்சின் மேல் ஆசைப்பட்டு யாரும் எடுப்பதில்லை. அதில் மார்க் கொட்டும் என்றுதான் எடுப்பார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பத் தெரிந்தால் போதும். தமிழில் அறுபது வாங்கத் தவிக்கிற பெண்கள் பிரெஞ்சில் தொண்ணூறு வாங்கிவிட்டு, தேர்வு முடிந்த மறுநாள் சுத்தமாக மறந்துவிட்டு, நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"சார், நான் பரீட்சைக்குத்தான் படிச்சேன். பேசத் தெரியாது" என்றாள் தஹ்மீனா. அவள் குரல் பக்கத்து நாற்காலிவரைதான் போகும்.

"மார்க் எம்புட்டு?"

"தொண்ணூத்தி நாலு."

"பெறகென்ன? தொண்ணூத்தாறுக்கு ரெண்டுதான கொறையுது."

"ஒம்பதாம் கிளாசுக்கு பிசிக்ஸ் தாரேன்னு சொல்லித்தான் சார் சேத்தீக."

"தரமாட்டேன்னா சொன்னேன்? ஆண்டு விழா முடியட்டும். பிரெஞ்சு ஜெயிச்சா பிசிக்ஸ் ஒங்களுக்குத்தான்."

இயற்பியலுக்குப் போகும் வழி பாரிஸ் வழியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தஹ்மீனா உட்கார்ந்தாள்.

முனைவர் கண்ணுச்சாமி பயிற்சி கொடுக்க வந்தார். கோட்டும் டையும் அணிந்திருந்தார். பிறந்தது காரியாபட்டி, ஆனால் அது பசி வேளையில் மட்டும்தான் பேச்சில் தெரியும். மற்ற நேரங்களில் மேடைத் தமிழ்.

"ஆசிரியப் பெருமக்களே, ஒரு குழந்தை தாய்மொழியை எப்படிக் கற்கிறது? அதன் தாய் இடுப்பில் அகராதியைச் செருகிக்கொண்டு அலைகிறாளா? இல்லை. அர்த்தம் சொன்னாளா? சொல்லவில்லை. ஆகவே வெளிநாட்டு மொழியைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் முதல் உத்தியும் கடைசி உத்தியும் ஒன்றுதான். அர்த்தம் சொல்லாதீர்கள். அர்த்தம் ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோல் கொடுத்தால் பிள்ளை நொண்டும்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஊன்றுகோல் கொடுத்ததால் நொண்டியானவர்களை அவர்களில் யாரும் பார்த்ததில்லை; ஆனாலும் எழுதிக்கொண்டார்கள்.

தஹ்மீனா பாதிக் கையைத் தூக்கினாள். "சார், ஒங்களுக்குப் பிரெஞ்சு..."

"தெரியாது, அம்மா" என்றார் முனைவர், பெருமையாக. "ஒரு சொல் தெரியாது. ஜெர்மனும் தெரியாது. ஜப்பானும் தெரியாது. இத்தனை பள்ளிகளில் இந்த மொழிகளை நிறுவியிருக்கிறேன், அதில் ஒன்றைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. அதுதான் என் தகுதி. மொழி தெரிந்தவன் என்றைக்காவது ஒரு நாள் வாய் தவறி அர்த்தத்தைச் சொல்லிவிடுவான். என்னைப் பொறுத்தவரை அந்தப் பயம் யாருக்கும் தேவையில்லை."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஆண்டிச்சாமி எல்லோருக்கும் கடைசியாக நிறுத்தினார்.

பிறகு செயல்முறை. ஆசிரியர்கள் எல்லோரும் அரை நாள் கைக்குழந்தைகளாக இருக்க வேண்டும். எது வேண்டுமானாலும் அழுதுதான் கேட்க வேண்டும். பொன்னுத்தங்கம் தம் பதவியை உத்தேசித்து எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டார். கணக்கு வாத்தியார் பாலகுருவுக்குத் தாகம். மதியச் சோற்று மணிவரை தண்ணீருக்காக அழுதார். முனைவர் அவர் அழுகையைக் கண்மூடிக் கேட்டுவிட்டு, "இவரிடம் அபாரமான மொழித்திறன் இருக்கிறது" என்றார். தண்ணீர் மட்டும் வரவில்லை. அழுகை எதைக் குறித்தது என்று விளக்கினால் அது அர்த்தமாகிவிடும்.

கிளம்பும்போது முனைவர் தஹ்மீனாவைத் தனியாக அழைத்தார்.

"பாடப்புத்தகம் கூடாது. அதில் இருப்பது செத்த வாசகம். அந்த மொழிக்காரர்கள் தினம் கையில் எடுத்துப் பார்க்கிற, உயிருள்ள, அசல் வாசகம் வேண்டும். வரும் திங்கட்கிழமைக்குள் கொண்டுவாருங்கள். நான் அதற்கு மெட்டும் அபிநயமும் போட்டுத் தருகிறேன்."

சிவகாசியில் அசல் பிரெஞ்சுக்கு எங்கே போவது? வீட்டில் அத்தா முகைதீன் அச்சகங்களின் கழிவுத்தாள் வாங்கி விற்கிறவர். அவரைக் கேட்டால், எடைக்கு எவ்வளவு போகும் என்பார். அண்ணன் சாபிர் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். அவனைக் கேட்டாள்.

"அண்ணே, நம்ம ஊர்ல பிரெஞ்சு எங்கன கெடைக்கும்?"

சாபிர் கை மையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "எம்புட்டு வேணும்?"

"மூணு நாலு வரி இருந்தாப் போதும்."

"லட்சக்கணக்குல கெடக்கு. ஆப்பிரிக்கா ஆர்டர். லோடு தூத்துக்குடிக்குக் கெளம்பப் போவுது. ஒரு தாள எடுத்துட்டு வாரேன்."

கொண்டுவந்தான். சிவப்பும் மஞ்சளுமாக மைவாசம் போகாத தாள். மூன்று வரிகள், அசல் பிரெஞ்சு. அதே சரக்கு துபாய்க்குப் போகும்போது ஒட்டுகிற இங்கிலீஷ் தாளையும் கையோடு எடுத்து வந்திருந்தான். தஹ்மீனா அதைப் படித்தாள். பிரெஞ்சைப் பார்த்தாள். மறுபடியும் இங்கிலீஷைப் படித்தாள்.

"இதப் போயி எப்படிண்ணே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க?"

"நீதான அசல் வேணும்னு கேட்ட? இதவிட அசல் ஏது? அங்கன வீட்டுக்கு வீடு இருக்கும்."

திங்கட்கிழமை தாளைத் தாளாளர் அறைக்கு எடுத்துப் போனாள். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். இயற்பியல் படித்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவுகோல் தப்பென்றால் அளப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

"சார், இதுக்கு அர்த்தம் என்னன்னா..."

முனைவர் எழுந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பொன்னுத்தங்கம் காதைப் பொத்திக்கொண்டார். ஆண்டிச்சாமி, "ஏ டீச்சர், கெடுத்துறாதீக! பணம் கட்டியாச்சு" என்றார்.

"அது வந்து சார், இது பாட்டுக்குப் பொருந்..."

"தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார் முனைவர், தாழ்ந்த குரலில், தொற்றுநோய் பற்றிப் பேசுகிற டாக்டர் போல. "உங்களோடு நிற்கட்டும்."

ஆகவே அவளோடு நின்றது. அந்த வரிகளின் அர்த்தத்தை வெண்தாமரைப் பள்ளி எல்லைக்குள் யாரும் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே சுற்றறிக்கை வந்துவிட்டதால், கதையிலும் அதை இந்த இடத்தில் சொல்வதற்கில்லை.

வரிகள் மட்டும் இவை, தஹ்மீனா வாசித்தபடி:

கொன்செர்வே தான்ஸ் அன் ஆந்த்ருவா செக்.
ஃப்ரொத்தே லுவான் து விசாஜ்.
தெனிர் ஓர் த லா போர்த்தே தெஸ் ஆன்ஃபான்.

முனைவர் கண்மூடிக் கேட்டார். "என்ன ஒரு இசை! இதில் தாய்மை இருக்கிறது" என்றார். அங்கேயே கும்மி மெட்டில் அமைத்தார். அபிநயமும் அவரே அமைத்தார். முதல் வரிக்குப் பிள்ளைகள் விரல்களை உதிர்த்து மழை பெய்விக்க வேண்டும். இரண்டாம் வரிக்கு இரண்டு கைகளையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பரபரவென்று தேய்க்க வேண்டும். மூன்றாம் வரிக்குக் குதிகாலைத் தூக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எட்டிப் பிடிக்கிற மாதிரி நிற்க வேண்டும்.

மூன்றாம் வரியின் அபிநயத்தைப் பார்த்ததும் தஹ்மீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டீச்சருக்குக் கண் கலங்கிருச்சு" என்றார் பொன்னுத்தங்கம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது வெல்லமாக இனித்தது. மழை, தேய்ப்பு, எட்டிப் பிடிப்பு. மதிய இடைவேளையில் பாடின, வேனில் பாடின, ஒன்றுக்கு வரிசையில் நிற்கும்போது பாடின. ஆடி பிறப்பதற்குள் இரண்டாம் வகுப்புக்கும் தொற்றிக்கொண்டது. காலைக் கூட்டத்தில் கடவுள் வாழ்த்துக்குப் பிறகு பாடச் சொன்னார்கள். பிறகு நேரம் பற்றவில்லை என்று கடவுள் வாழ்த்தை நிறுத்திவிட்டார்கள். அப்பா அம்மாக்கள் பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிற இடத்தில், "எம்பிள்ள பிரெஞ்சு பேசுது" என்று பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறது என்று யாராவது கேட்டால், "பிரெஞ்சுதான்" என்றார்கள். எதிர்ப்பள்ளியில் அபாகஸ் மணிகள் தூசி பிடிக்கத் தொடங்கின.

ஆண்டிச்சாமிக்குச் சோறு இறங்கத் தொடங்கியது. அச்சகம் வைத்திருக்கிற மனிதரிடம் ஒரு நல்ல வாசகம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? மாணவர் டைரியின் முதல் பக்கத்தில் கோபுரத்தின் கீழே அடித்தார். வேனின் நெற்றியில் எழுதினார். பரிசுக் கோப்பைகளில் பொறித்தார். கடைசியில் பள்ளியின் முன்வாசல் கேட்டுக்கு மேலே, வளைவாக, பித்தளை எழுத்தில் மூன்றாம் வரியைப் பதித்தார். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தவர் முனைவர். "பள்ளி வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது" என்றார்.

திறப்பு விழாவில் ஆண்டிச்சாமி பேசினார்: "இந்த வாசகம் வெறும் எழுத்தில்ல. இதுதான் நம்ம பள்ளியோட கொள்கை. நம்ம வாத்தியாருக எல்லாரும் இதத்தான் இம்புட்டு நாளும் கடைப்பிடிச்சுக்கிட்டு வாராக."

தஹ்மீனா கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் தம் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு துல்லியமான வாக்கியம் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. மறுநாள் காலையில் தாய்மார் சிலர் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அந்தப் பித்தளை எழுத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுப் போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தீபாவளி சீசன் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், ஒன்றாம் வகுப்பு செல்வலட்சுமி எட்டிப் பிடிக்கிற அபிநயத்தில் நின்றபடியே கேட்டாள்.

"டீச்சர், அதுக்கு என்ன அர்த்தம்?"

பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கைகளை இறக்கின.

"எத டீச்சர் எட்டுதோம்?" என்றாள் செல்வலட்சுமி. "மாங்காயா?"

"எனக்கும் சொல்லுங்க டீச்சர்" என்றான் ஒருவன். "எனக்கும்" என்றது இன்னொன்று.

வாசலில் பொன்னுத்தங்கம் நின்றுகொண்டிருந்தார்.

முனைவர் மதுரையிலிருந்து டாக்ஸியில் வந்தார். செல்வலட்சுமியை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "வீட்டில் இவள் வேறு எதற்காவது அர்த்தம் கேட்கிறாளா?" என்று விசாரித்தார். கேட்கிறாள் என்று தெரிந்தது. நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்டிருக்கிறாள். மத்தாப்புக்கு எப்படிப் பச்சை நிறம் வருகிறது என்று கேட்டிருக்கிறாள். முனைவர் தலையை ஆட்டிக்கொண்டார். இதற்கு அர்த்தநாட்டம் என்று பெயர். இப்போதே மற்ற இருவருக்குப் பரவியிருக்கிறது. விட்டால் தொண்ணூற்றாறு மணி நேரமும் வீண் என்று அறிக்கை எழுதினார். சிகிச்சையாக, செல்வலட்சுமி சுவரைப் பார்த்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, வாயை மட்டும் அசைத்துப் பாட வேண்டும். ஆண்டு விழாவுக்குள் குணமாகாவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

மத்தாப்புப் பச்சைக்கு விடை தஹ்மீனாவுக்குத் தெரியும். பேரியம். ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லக் காத்திருக்கிற விடைகளில் ஒன்று. சுவரைப் பார்த்த பெஞ்சுக்குப் பின்னால் நின்று அதை மட்டும் காதோடு சொல்லிவிட்டு வந்தாள். செல்வலட்சுமி திரும்பாமலே, "பேரியம்னா?" என்றாள். நோய் முற்றிவிட்டது.

ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம், கேட்டுக்கு வெளியே ஒருவர் காத்திருந்தார்.

"டீச்சர், ஒரு நிமிசம். நான் செல்வலட்சுமி அப்பா, வெள்ளைத்துரை. கம்பெனி வேன் ஓட்டுதேன்."

"சொல்லுங்கண்ணே."

"எம்மக கெட்ட வார்த்த ஏதும் பேசிருச்சா டீச்சர்? ஏலே, என்னலே பேசுனன்னு கேட்டா, ஒண்ணும் பேசலப்பாங்குது. டீசி குடுக்கப் போறதா பெரிய டீச்சர் சொல்லுதாக."

"கெட்ட வார்த்தையெல்லாம் இல்லண்ணே. அர்த்தம் கேட்டுச்சு."

"அதுக்கா டீசி?"

"ஆமா."

"இதென்ன டீச்சர், கூத்தா இருக்கு. அர்த்தம் தெரியட்டும்னுதான பள்ளிக்கொடத்துக்கு அனுப்புறது? என்னைய எங்கப்பன் அனுப்பல. நான் தாளு தாளா லோடு ஏத்திருக்கேன், ஒரு எழுத்து தெரியாது. அவ அம்மாளுக்கும் தெரியாது. இந்த ஒரு பிள்ளைதான். வெளிய அனுப்பிட்டா வேற பள்ளிக்கொடத்துல நடு வருசத்துல எவன் சேப்பான்? எங்க கூடவே வேன்ல ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுதீகளா, கம்பெனிக்கு?"

அவர் அண்ணாந்து பித்தளை எழுத்தைப் பார்த்தார். "தெனம் இதக் கும்புட்டுட்டுத்தான் போறேன். நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர். அப்படி என்னத்த எழுதிருக்கு அதுல?"

சொல்லிவிடலாம். நாலைந்து வார்த்தைதான். மாடியில் பொன்னுத்தங்கத்தின் ஜன்னல் திறந்திருந்தது.

"ஆண்டு விழாவுக்கு வாங்கண்ணே" என்றாள்.

வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பதில் அவள் செருப்பில் ஏறிய முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், அனைத்துலக மழலை மொழி ஆணையத்தின் தலைவர் ஊர்க்காவலன். ஆணையத்தின் தலைமையகம் முனைவர் கண்ணுச்சாமி வீட்டு மாடியில் இருந்தது. ஊர்க்காவலன் பள்ளிக்கு 'ஐயமற்ற பள்ளி' என்ற பட்டயம் வழங்க வந்திருந்தார். தமிழ்நாட்டிலேயே முதல் பட்டயம் அது. மைதானம் நிறைந்திருந்தது. கம்பெனிகள் அன்று சீக்கிரமே வேனை விட்டிருந்தன. வெள்ளைத்துரை காக்கிச் சட்டையோடு முன்பக்கமாக நின்றிருந்தார்.

பிள்ளைகள் பாடின. மழை பெய்தது, கைகள் மூக்கருகே தேய்ந்தன, நூறு ஜோடிக் குதிகால்கள் எழும்பி நூறு ஜோடிக் கைகள் நீண்டன. இரண்டாம் தடவை பாடும்போது ஊர்க்காவலன் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்தார். மேடை எழுந்தது. மைதானம் எழுந்தது. ஒரு தாத்தாவைக் கைத்தாங்கலாக நிறுத்தினார்கள். முடிந்ததும் ஊர்க்காவலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பல நாடுகளின் விழாக்களுக்கு அழைப்பு வந்து, போக முடியாமல் இருந்திருக்கிறேன்" என்று தொடங்கினார். "ஆனால் இப்படி ஒரு பாடலைக் கேட்டதில்லை. இதை எழுதிய கவிஞன் யாரோ, அவன் பிள்ளைகளை எவ்வளவு நேசித்திருப்பான்! ஒரு சொல் புரியவில்லை எனக்கு. ஆனால் ஒரு சொல்லும் புரியாமலே கண்ணீர் வருகிறதென்றால், புரிந்து என்ன ஆகப் போகிறது? கல்வியின் உச்சம் இதுதான்."

அடுத்து ஐயமின்மைச் சடங்கு. பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வர வேண்டும். தலைவர், "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்பார். பிள்ளை, "இல்லை ஐயா" என்று சொல்லி ஒரு சாக்லேட் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வரிசை வேகமாக நகர்ந்தது. இல்லை ஐயா, இல்லை ஐயா, இல்லை ஐயா. ஒருவன் கேள்விக்கு முன்பே இல்லை ஐயா என்று சொல்லி இரண்டு சாக்லேட் வாங்கினான்.

செல்வலட்சுமியைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். பொன்னுத்தங்கத்தின் கைப்பையில் டி.சி. தயாராக இருந்தது, இல்லை ஐயா என்றால் கிழிப்பதாகவும், வேறு எதுவானாலும் அங்கேயே கொடுப்பதாகவும் முடிவு. பிள்ளைக்கு அம்மா ரிப்பன் கட்டியனுப்பியிருந்தாள். காலையிலிருந்து 'இல்லை ஐயா' சொல்லிப் பார்க்கவும் வைத்திருந்தாள்.

"ஏதாவது சந்தேகம் உண்டா?"

செல்வலட்சுமி சாக்லேட்டைப் பார்த்தாள். கீழே அப்பாவைப் பார்த்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"உண்டு ஐயா. அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?"

மைக் நன்றாக வேலை செய்தது.

ஊர்க்காவலன் புன்னகையைக் கலைக்காமல் சொன்னார்: "நல்லது. இதை ஆணையத்தின் அடுத்த கூட்டத்தில் வைப்போம்." மைக்கை முனைவரிடம் நகர்த்தினார்.

முனைவர் சொன்னார்: "குழந்தாய், அர்த்தம் வெளியே இல்லை. அது உனக்குள்ளேயே இருக்கிறது."

"எனக்குள்ள இல்லயே சார்" என்றாள் செல்வலட்சுமி. "தேடிப் பாத்துட்டேன்."

மைதானத்தில் சிரிப்பு எழுந்தது. "சொல்லுங்கய்யா, பிள்ள கேக்குதுல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்களுக்கும் தெரியணும்ல!" என்று ஒரு பெண் குரல். "கேட்டுல வேற எழுதிப் போட்டிருக்கீக." முனைவர் வேர்த்துப் போய், "ஏப்பா, கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்றார். பசி வேளை நெருங்கிவிட்டிருந்தது.

ஆண்டிச்சாமி எழுந்து மைக்கைப் பிடித்தார். "அதாவது, பெற்றோர்களே, அது ரொம்ப ஒசந்த கருத்து. ஒவ்வொருத்தரும் வாழ்க்கையில கடைப்பிடிக்க வேண்டியது. நான் சின்ன வயசுலருந்து கடைப்பிடிச்சுதான் இம்புட்டு தூரம் வந்திருக்கேன். விளக்கத்த நம்ம பிரெஞ்சு டீச்சர் சொல்லுவாக." மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, ஓரமாக நின்ற தஹ்மீனாவிடம் குனிந்தார். "பிரெஞ்சுலயே என்னமாச்சும் சொல்லிட்டு எறங்கிருங்க டீச்சர். ஒருத்தனுக்கும் தெரியாது. பிசிக்ஸ் ஞாபகம் இருக்கட்டும்."

மைக் அவள் கைக்கு வந்தது. அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மேடை விளக்கில் எதிரே முகங்கள் தெரியவில்லை. காக்கிச் சட்டை ஒன்று மட்டும் தெரிந்தது. அவளிடம் பிரெஞ்சு இருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்புகிற அளவுக்கு இருந்தது. எதையாவது சொல்லி நிரப்பிவிட்டு இறங்கினால் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் ஒளிவிலகல்.

பொன்னுத்தங்கம் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார்.

தஹ்மீனா கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. அது அவளால் ஆகாது. செல்வலட்சுமிக்கு முன்னால் முழங்கால் மடித்து உட்கார்ந்தாள். வகுப்பில் பேசுகிற அதே சின்னக் குரலில், பிள்ளைக்கு மட்டும் பேசினாள். மைக் கையில் இருந்ததால் நாரணாபுரம் சாலைவரை கேட்டது.

"அது பாட்டு இல்லம்மா. ஆப்பிரிக்காவுக்குப் போற தீப்பெட்டியில ஒட்டுற லேபிளு. மொத வரிக்கு, ஈரமில்லாத இடத்துல வைக்கணும்னு அர்த்தம். ரெண்டாவதுக்கு, ஒரசும்போது மூஞ்சிக்கிட்டக் கொண்டு போகக் கூடாது. நம்ம கேட்டுல எழுதியிருக்கில்ல, அந்தக் கடைசி வரிக்கு, பிள்ளைகளோட கைக்கு எட்டாத எடத்துல வைக்கணும்னு அர்த்தம்."